உங்களுக்குத் தெரியுமா? வீட்டுத் தொட்டியில் மென்பவளம்

கண்ணாடித் தொட்டியில் கடல்நீரை நிறுத்திப் பவளம் வளர்க்கும் ஆசை நம் ஊர்களிலும் பரவி வருகிறது. புதிதாக வருபவர் கையில் கடைக்காரர் முதலில் கொடுப்பது மென்பவளத்தைத்தான். "லேசில் சாகாது சார்" என்று சொல்லிக் கொடுப்பார். சொல்வது பொய்யில்லை. அது எதைத் தாங்கும், எதைத் தாங்காது என்பதைத் தெரிந்துகொண்டு வாங்கினால் அந்த உயிருக்கும் நல்லது, நம் பணத்துக்கும் நல்லது.

● நவரத்தினங்களில் ஒன்றான செம்பவளமும், தொட்டியில் அசைந்தாடும் தோல் பவளமும் ஒரே வகுப்பைச் சேர்ந்தவை. இரண்டின் பாலிப்புகளுக்கும், அதாவது கூட்டமாக வாழும் அந்தத் தனித்தனிச் சிற்றுயிர்களுக்கும், சரியாக எட்டுக் கைகள். ஒவ்வொரு கையின் இரு பக்கமும் நுண்ணிய கிளைகள் இருக்கும். செம்பவளம் விளைவது மத்தியதரைக் கடலில். கி.பி. முதல் நூற்றாண்டைச் சேர்ந்த பெரிப்ளூஸ் என்னும் கிரேக்க நூல், முசிறித் துறைமுகத்துக்கு வந்து இறங்கிய சரக்குகளில் பவளத்தையும் சேர்த்தே சொல்கிறது. நம் பாட்டிமாரின் பவளமாலை, இந்த மென்பவளங்களின் தூரத்து உறவு.

● அந்தச் செம்பவளம் ஒரு விலங்கு என்று முதலில் உறுதியாகச் சொன்னவர் மார்செய் நகரத்து மருத்துவர் பெய்சொனெல். 1720-களில் சொன்னார். கடலில் பூக்கும் செடி என்றே நம்பியிருந்த பாரிஸ் அறிஞர்கள் அதை ஏற்கவில்லை. அவருடைய ஆய்வை லண்டன் ராயல் சொசைட்டி வெளியிட்டபோது 1750-கள் ஆகிவிட்டன.

● 'சாஃப்ட் கோரல்' என்ற பெயரில் கடையில் சேர்த்து விற்கப்படும் காளான் பவளமும் ஸோவாவும் இந்த எட்டுக் கைக் குடும்பத்தில் வராது. அவை கற்பவளத்துக்கும் கடற்சாமந்திக்கும் நெருங்கியவை. எலும்புக்கூடு இல்லாததாலும், பராமரிப்பு ஏறக்குறைய ஒன்றாக இருப்பதாலும் ஒரே தட்டில் வைத்து விற்கிறார்கள். வாங்கும்போது ஒரு பூதக்கண்ணாடி கொண்டுபோய் ஒரு பாலிப்பின் கைகளை எண்ணிப் பாருங்கள். பெயர்ப்பலகை சொல்லாததை அது சொல்லும்.

● மென்பவளத்தின் உடல் முழுவதும் மென்மையானதல்ல. சதைக்குள் சுண்ணாம்பாலான நுண்ணிய ஊசிகள் ஆயிரக்கணக்கில் புதைந்திருக்கும். இனத்தை அடையாளம் காண ஆய்வாளர்கள் இந்த ஊசிகளின் வடிவத்தைத்தான் உருப்பெருக்கியில் பார்க்கிறார்கள். சினுலேரியா என்ற மென்பவளத்தின் அடிப்பகுதியில் இந்த ஊசிகள் ஒன்றோடொன்று இறுகிப் பாறையாகவே மாறிவிடுவதும் உண்டு. ஆகவே மென்பவளம்தானே என்று தண்ணீரின் கால்சியத்தையும் காரத்தன்மையையும் அடியோடு கைவிடக் கூடாது. கால்சியம் லிட்டருக்கு 400 மில்லிகிராமுக்குச் சற்று மேலும், காரத்தன்மை 8 முதல் 11 டி.கே.ஹெச். வரையிலும் இருக்கட்டும்.

● இவற்றின் சாப்பாட்டில் பெரும்பகுதி உள்ளேயே சமைக்கப்படுகிறது. சதைக்குள் குடியிருக்கும் ஒற்றைச் செல் பாசிகள் வெளிச்சத்தில் சர்க்கரை செய்து பவளத்துக்குக் கொடுக்கின்றன; பவளம் தன் கழிவை அவற்றுக்கு உரமாகக் கொடுக்கிறது. ஒளிச்சேர்க்கைக்கு உதவும் வெளிச்சத்தை அளக்கும் பார் மீட்டரில் 50 முதல் 150 வரை காட்டினால் காளான், தோல் பவளம், ஸோவா மூன்றுக்கும் போதும். 'விலை கூடிய விளக்கு, ஆகவே முழு வெளிச்சம்' என்று முதல் நாளே எரியவிடுவதால் வெளுத்துப்போகும் பவளங்கள் அதிகம். குறைந்த வெளிச்சத்தில், தொட்டியின் அடியில் வைத்துத் தொடங்கி, வாரக்கணக்கில் மெல்ல ஏற்றுங்கள்.

● பவளத்தை உயிரோடு தொட்டியில் வைத்திருக்க முடியும் என்று மேற்கத்திய ஆர்வலர்களுக்குக் காட்டியவர் ஜகார்த்தாவைச் சேர்ந்த லீ சின் எங். 1961-ல் ஓர் அமெரிக்க மீன் வளர்ப்பு இதழில் தன் முறையை எழுதினார். நல்ல கடல்நீர், உயிரிகள் ஒட்டிய பாறை, வெயில், மெல்லிய காற்றுக் குமிழி. இவ்வளவுதான். வடிகட்டி கிடையாது. அந்தக் காலத்தில் பலர் தொட்டிக்குள் செத்த பவளத்தை வெளுத்து அலங்காரமாக வைத்திருந்தார்கள். தண்ணீரைச் சுத்தம் செய்வது பாறையில் வாழும் நுண்ணுயிர்களே என்ற அவருடைய பாடம் இன்றைய 'லைவ் ராக்' தொட்டி வரை மாறாமல் வந்திருக்கிறது. ஆயிரக்கணக்கில் கருவிகளுக்குச் செலவழிக்கும் முன் இந்த மனிதரை ஒருமுறை நினைத்துக்கொள்வது நல்லது.

● புதுத் தொட்டியில் முதல் நாலைந்து வாரம் பவளம் வைக்கக் கூடாது. கழிவிலிருந்து வரும் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், நைட்ரைட்டை நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியாக்கள் பாறையில் குடியேற அவ்வளவு காலம் ஆகும். அம்மோனியா, நைட்ரைட் இரண்டும் சோதனையில் பூஜ்ஜியம் காட்டிய பிறகே கடைக்குப் போங்கள்.

● தொட்டியிலிருந்து ஆவியாகிப் போவது தண்ணீர் மட்டும்தான், உப்பு போகாது. புதியவர்களின் பவளங்கள் வாடுவதற்கு நம் ஊரில் முதல் காரணம் இதுவென்றே நான் நினைக்கிறேன்.

கணக்கு போட்டுப் பாருங்கள். 100 லிட்டர் தொட்டி, லிட்டருக்கு 35 கிராம் உப்பு. சித்திரை வெயிலில், மேலே மின்விசிறியும் சுழல, இரண்டு மூன்று நாளில் 5 லிட்டர் குறைந்துவிடும். உப்பு கிட்டத்தட்ட 37 ஆகிவிட்டது. மட்டம் குறைந்ததைப் பார்த்ததும் பலர் உப்புநீரையே கலந்து ஊற்றுகிறார்கள். அடுத்த வாரம் இன்னும் ஏறும். ஆவியானதை ஈடுகட்ட ஊற்ற வேண்டியது உப்பில்லாத ஆர்.ஓ. தண்ணீர். அதையும் தினமும் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்ற வேண்டும். தொட்டிக் கண்ணாடியில் ஒரு கோடு போட்டு, காலையில் காபி குடித்ததும் அந்தக் கோடுவரை நிரப்பிவிட்டால் தானியங்கிக் கருவி வாங்கும்வரை சமாளிக்கலாம். ரிஃப்ராக்டோமீட்டரில் ஒப்படர்த்தி 1.025, 1.026-க்குள் நின்றால் கவலையில்லை.

போர்வெல் தண்ணீர் வேண்டவே வேண்டாம். வீட்டில் குடிக்க வைத்திருக்கும் ஆர்.ஓ. கருவியில் சுவைக்காகக் கனிமம் சேர்க்கும் அமைப்பு இருந்தால் அந்தத் தண்ணீரும் சரிப்படாது. டி.டி.எஸ். மீட்டர் பூஜ்ஜியத்தை ஒட்டிக் காட்ட வேண்டும்.

● "கடல் பக்கத்திலேயே இருக்கிறதே, குடத்தில் மொண்டு வந்தால் என்ன?" என்று சென்னைக்காரர்கள் கேட்பதுண்டு. கூவமும் அடையாறும் கலக்கும் கரையோரத் தண்ணீரில் சாக்கடை, எண்ணெய், உலோகம் எல்லாம் வரும். மழைக்குப் பிறகு உப்பின் அளவும் மாறியிருக்கும். பொடியாக விற்கும் செயற்கைக் கடலுப்பில் ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி தண்ணீர் தயாரிக்கலாம். சமையல் உப்பு இதற்கு ஆகாது. கடல்நீரில் உள்ள கால்சியம், மெக்னீசியம் போன்றவை அதில் போதிய அளவில் இல்லை.

● தண்ணீர் அளவுக்கு மீறிச் சுத்தமாக இருந்தாலும் மென்பவளம் மெலியும். நைட்ரேட் பூஜ்ஜியம், பாஸ்பேட் பூஜ்ஜியம் என்று பெருமைப்படும் தொட்டியில் அது சுருங்கிக் கிடக்கும். லிட்டருக்கு 5 முதல் 10 மில்லிகிராம் நைட்ரேட் இருந்தால் அதற்கு நிம்மதி. கற்பவளம் வளர்ப்பவர் சொல்லும் அளவுகளை அப்படியே பின்பற்றாதீர்கள்.

● தோல் பவளம் என்னும் சார்கோஃபைட்டான் திடீரென்று கைகளையெல்லாம் உள்ளே இழுத்துக்கொள்ளும். மேல்பரப்பு மெழுகு பூசியது மாதிரி பளபளக்கும். நிறம் மங்கும். சில நாள், சமயத்தில் இரண்டு வாரம்கூட அப்படியே நிற்கும். வளர்ப்பவர் பதறிப்போய் இடத்தை மாற்றுவார், தண்ணீரை மாற்றுவார், ஏதோ ஒரு மருந்தை ஊற்றுவார்.

அது தோல் உரித்துக்கொண்டிருக்கிறது, அவ்வளவே. தன்மேல் படிந்த பாசியையும் தூசியையும் நுண்ணுயிர்களையும் ஒரு மெல்லிய ஏடாக உரித்து எறிவதுதான் அதன் குளியல். அந்த ஏடு கழன்று போக நீரோட்டம் வேண்டும். நீரோட்டம் உண்டாக்கும் வேவ்மேக்கரைச் சற்றுத் திருப்பி, நேராக அடிக்காமல் உரசிப் போகும்படி வைத்தால் போதும். உரிந்த பிறகு முன்பைவிடப் பெரிதாக விரியும். மென்பவளம் வளர்ப்பவர் கற்க வேண்டிய முதல் வித்தை கையைக் கட்டிக்கொண்டு நிற்பது. ஆனால் ஒன்று: சதை கறுத்துக் கரைந்தாலோ, அழுகல் நாற்றம் வந்தாலோ அது உரிதலல்ல. அந்தப் பகுதியைக் கூரான பிளேடால் உடனே வெட்டி எடுத்துவிட வேண்டும்.

● கடற்சாமந்தி இல்லாத தொட்டியில் கோமாளி மீன்கள் பல சமயம் தோல் பவளத்தின் கைகளுக்குள்ளேயே குடியேறிவிடும். கோமாளி மீனைக் கடலிலிருந்து பிடிக்க வேண்டியதில்லை என்பதும் தெரியட்டும். பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையம் பொரிப்பகத்திலேயே அவற்றை இனப்பெருக்கம் செய்து காட்டியிருக்கிறது.

● ஸீனியா என்ற மென்பவளம் இரவும் பகலும் தன் கைகளை விரித்து விரித்து மூடும், தொட்டில் குழந்தை உள்ளங்கையை மூடித் திறப்பதுபோல. இரை பிடிக்கத்தான் இப்படிச் செய்கிறது என்று நெடுங்காலம் எண்ணியிருந்தார்கள். செங்கடலில் எய்லத் கரையோரம் அதன் நெருங்கிய உறவினமான ஹெட்டரோஸீனியாவைப் படம்பிடித்து ஆராய்ந்த இஸ்ரேல் ஆய்வாளர்கள் 2013-ல் வேறு விடை சொன்னார்கள். உள்ளிருக்கும் பாசிகள் வெளிவிடும் ஆக்சிஜன் பாலிப்பைச் சுற்றித் தேங்கினால் ஒளிச்சேர்க்கை மந்தமாகும். இந்த அசைவு அதை அடித்துத் தள்ளுகிறது; அசையும்போது ஒளிச்சேர்க்கை பல மடங்கு கூடுகிறது. பிற்பகலில் சிறிது நேரம் எல்லாம் சேர்ந்து ஓய்வெடுக்குமாம்.

பார்க்க இவ்வளவு அழகான உயிர் வேறில்லை. இருந்தாலும் முதல் தொட்டியில் அதைப் பாறைக்கூட்டத்தின் நடுவில் வைக்காதீர்கள். பிடித்துப்போனால் எல்லாப் பாறையிலும் ஏறும். பிடிக்காவிட்டால் காரணமே தெரியாமல் ஓரிரு நாளில் மொத்தமாகக் கரைந்துபோகும்.

● பச்சை நட்சத்திரப் பாலிப் என்று விற்கும் ஜி.எஸ்.பி.யும் அப்படித்தான். ஊதா நிறப் பாய் விரித்துக்கொண்டே போகும், கண்ணாடியிலும் ஏறும். மற்ற பாறைகளைத் தொடாத தனிக் கல்லில் வைத்தால் கடைசிவரை சண்டையில்லை.

● மென்பவளங்களுக்குக் கொட்டும் வலு குறைவு. அவற்றின் ஆயுதம் ரசாயனம். டெர்பீன் வகைச் சேர்மங்களைத் தண்ணீரில் கலந்து பக்கத்துக் கற்பவளங்களின் வளர்ச்சியை முடக்கும். ஆஸ்திரேலியாவின் பெருந்தடுப்புப் பவளத்திட்டில் சம்மார்கோ, கோல் முதலிய ஆய்வாளர்கள் 1980-களில் இதை நிறுவினார்கள். கடலில் அந்த விஷம் கரைந்து போய்விடும். 100 லிட்டர் தொட்டியில் எங்கே போகும்? கைப்பிடி ஆக்டிவேட்டட் கார்பனை ஒரு பையில் கட்டி, தண்ணீர் ஓடும் இடத்தில் வைத்து, மாதந்தோறும் மாற்றுங்கள். இந்த வகைகளோடு கற்பவளங்களைக் கலந்து வைக்கும் யோசனையை முதல் ஆண்டில் ஒத்திப்போடுங்கள்.

● ஸோவா வகைகளைக் கையாளும்போது விளையாட்டு வேண்டாம். அவற்றில் சிலவற்றில், குறிப்பாகப் பாலிதோவா இனத்தில், பாலிடாக்ஸின் என்ற கொடிய நஞ்சு உண்டு. ஹவாயின் மாவி தீவில் ஹானா கரையிலிருந்து எடுத்த பாலிதோவாவிலிருந்து மூர், ஷூயர் என்ற இரு வேதியியலாளர்கள் 1971-ல் அதைப் பிரித்தெடுத்தார்கள். இயற்கை தரும் நஞ்சுகளில் மிகக் கடுமையானவற்றுள் ஒன்று அது.

பாறையில் வேண்டாத ஸோவா ஒட்டியிருக்கிறதென்று கொதிநீர் ஊற்றியதால், அந்த ஆவியை மூச்சில் இழுத்து வீட்டிலிருந்த எல்லோரும் மருத்துவமனைக்குப் போன சம்பவங்கள் பல நாடுகளில் பதிவாகியிருக்கின்றன. பாறையைக் கொதிக்க வைக்காதீர்கள், பிரஷ்ஷால் தேய்த்துத் தெறிக்க விடாதீர்கள். வெட்டும்போது கையுறையும் கண்ணாடியும் அணியுங்கள். கையில் காயம் இருந்தால் அன்றைக்குத் தொட்டிக்குள் கைவிடாதீர்கள். குழந்தைகள் இருக்கும் வீட்டில் நான் ஸோவாவைப் பரிந்துரைப்பதில்லை.

● நீல விளக்கில் பவளங்கள் பச்சையாகவும் சிவப்பாகவும் ஒளிர்வதைக் கவனித்திருப்பீர்கள். நியூ கலிடோனியாவின் நூமியா நகரில் 1956-ல் கடல்வாழ் உயிரினக் காட்சியகம் அமைத்த ரெனே கத்தலா, புற ஊதா ஒளியில் உயிருள்ள பவளங்கள் இப்படி ஒளிர்வதை உலகுக்குக் காட்டினார். அதன் பிறகு நடந்ததுதான் அதிசயம். ஜெல்லிமீனிலிருந்து 1962-ல் ஷிமோமுரா எடுத்த பச்சை ஒளிர்புரதத்துக்குத் துணையாக, சிவப்பாக ஒளிரும் புரதம் ஒன்றை விஞ்ஞானிகள் பல ஆண்டு தேடினார்கள். 1999-ல் ரஷ்ய ஆய்வாளர்கள் அதைக் கண்டுபிடித்தார்கள். எங்கே? மாஸ்கோவில் ஒரு மீன் தொட்டியில் வளர்ந்த டிஸ்கோசோமா என்ற காளான் பவளத்தில். கடையில் மிகக் குறைந்த விலைக்குக் கிடைக்கும் அதே வகை. இன்று உலகெங்கும் ஆய்வகங்களில் செல்லுக்குள் நடப்பதைப் பின்தொடர உதவும் பல சிவப்புப் புரதங்கள் அதன் வழிவந்தவை. பச்சைப் புரதத்துக்கான நோபல் பரிசு 2008-ல் ஷிமோமுரா, சால்ஃபி, சியென் மூவருக்கும் கிடைத்தது.

முதல் பவளம் எது என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வதும் அந்தக் காளானைத்தான்.

● காளானைப் பாறையில் பசை போட்டு ஒட்ட முடியாது, வழவழப்பில் நழுவிவிடும். சிறு கற்கள் நிறைந்த கிண்ணத்தில் போட்டு, மேலே வலைத்துணி கட்டி, நீரோட்டம் குறைந்த மூலையில் வையுங்கள். ஓரிரு வாரத்தில் தானே ஒரு கல்லைப் பிடித்துக்கொள்ளும். பிறகு அந்தக் கல்லைப் பசை போட்டு ஒட்டலாம்.

● தோல் பவளத்தின் தலையை முழுதாக வெட்டி எடுத்தாலும் அடித்தண்டு புதுத் தலை வளர்க்கும். வெட்டிய தலையைத் துண்டுபோட்டால் ஒவ்வொரு துண்டும் தனிப் பவளமாகும். இதைத்தான் 'ஃப்ராக்' என்கிறார்கள். ஒரு தாய்ப் பவளத்திலிருந்து ஓர் ஊருக்கே கொடுக்கலாம்.

● எந்தக் கடையில் பார்த்தாலும் கண்ணைப் பறிப்பது டெண்ட்ரோநெஃப்தியா. ரோஜா நிறம், செந்நிறம், ஆரஞ்சு. தயவுசெய்து வாங்காதீர்கள். அதன் சதைக்குள் பாசி கிடையாது. விளக்கு எவ்வளவு எரிந்தாலும் அதற்குச் சாப்பாடு இல்லை. ஓடும் நீரிலிருந்து மிதக்கும் நுண்பாசிகளை இடைவிடாமல் வடித்துத் தின்னும் உயிர் அது. செங்கடலில் செய்த ஆய்வில் 1995-ல் இது தெரியவந்தது. வீட்டுத் தொட்டியில் சில வாரங்கள் நிறத்தைக் காட்டிக்கொண்டே பட்டினியில் சாகும். அதைப் புதியவருக்கு விற்பது தவறு என்பதே என் கருத்து.

● மீனுக்கு வெள்ளைப்புள்ளி நோய் வந்தால் கடையில் தரும் மருந்துகள் பலவற்றில் தாமிரம் இருக்கும். மீன் பிழைக்கும், பவளமும் இறாலும் நத்தையும் சாகும். மீனைத் தனித் தொட்டிக்கு மாற்றித்தான் மருந்து.

● 24 முதல் 27 டிகிரி வெப்பம் உகந்தது. 30-ஐத் தாண்டி நாள்கணக்கில் நின்றால் உள்ளிருக்கும் பாசிகளை இழந்து பவளம் வெளுக்கும். மன்னார் வளைகுடாவில் 2010-லும் 2016-லும் பவளத்திட்டுகள் வெளுத்தது இதே காரணத்தால். நீர்ப்பரப்பின்மேல் மின்விசிறி வைத்தால் இரண்டு மூன்று டிகிரி இறங்கும். சென்னைக் கத்திரி வெயிலுக்குத் தண்ணீரைக் குளிர்விக்கும் சில்லர் இல்லாமல் முடியாது. வாங்க முடியாதவர்கள் பவளம் வாங்குவதைத் தள்ளிவைப்பதே நியாயம். மின்வெட்டின்போது இன்வெர்ட்டரில் வேவ்மேக்கர் ஓடினால் போதும். இருட்டை ஓரிரு நாள் பவளம் தாங்கும், மூச்சுமுட்டலைத் தாங்காது.

● கற்பவளம், கரும்பவளம், குழல் பவளம், தீப்பவளம், கடல்விசிறி ஆகியவை 2001 முதல் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. புலிக்கு உள்ள பாதுகாப்பு இவற்றுக்கும் உண்டு. கரையில் கிடந்த செத்த பவளத்தைப் பொறுக்கி வந்து தொட்டியில் வைப்பதும் குற்றம். மன்னார் வளைகுடாத் தேசியப் பூங்காவின் 21 தீவுகளைச் சுற்றியுள்ள திட்டுகள், சுண்ணாம்புக்காகப் பல்லாண்டு வெட்டப்பட்டவை. 'ராமேஸ்வரம் லைவ் ராக்' என்று யாராவது விலை சொன்னால் வாங்காமல் நகர்ந்துவிடுங்கள். சிமென்ட், பீங்கான் கலவையில் செய்த பாறைகள் கிடைக்கின்றன. சில மாதத்தில் பாக்டீரியா ஏறி அவையும் உயிர்ப் பாறையாகிவிடும்.

● வெனிசுவேலாவின் மொச்சிமா தேசியப் பூங்காவில் இந்தோனேசியாவைச் சேர்ந்த உனோமியா என்ற மென்பவளம் கடலடியைப் போர்த்திக் கிடக்கிறது. இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் மீன் தொட்டி வணிகம் வழியே கடலில் இறங்கிய அது உள்ளூர்ப் பவளங்களையும் கடற்புல்லையும் மூடி வளர்கிறது. நமக்கும் இந்த அனுபவம் உண்டு. வளர்ப்புக்காக மண்டபம் பகுதிக்குக் கொண்டுவந்த கப்பாஃபைகஸ் கடற்பாசி, குருசடைத் தீவின் பவளங்கள்மேல் படர்ந்ததை 2008-ல் ஆய்வாளர்கள் பதிவு செய்தார்கள்.

வளர்ப்பதை நிறுத்த நினைத்தால் பவளங்களை இன்னொரு வளர்ப்பவருக்குக் கொடுங்கள், அல்லது வாங்கிய கடையிலேயே திருப்பிக் கொடுங்கள். வெட்டிய துண்டு, கழுவிய பாறை, மாற்றிய தண்ணீர் எதையும் கடலிலோ முகத்துவாரத்திலோ கொட்டாதீர்கள். புதிதாக வாங்கும்போதும் இன்னொருவர் தொட்டியில் வளர்ந்த ஃப்ராக் தானா என்று கேட்டு வாங்குங்கள். அது தொட்டி வாழ்க்கைக்குப் பழகியது, விலையும் குறைவு.